சி ஃபங்ஷனுக்குள் அசெம்ப்ளி: கம்பைலரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

சி மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதும்போதே நடுவில் நாலு வரி அசெம்ப்ளியை, அதாவது புராசஸரின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழியை, செருகிவிடலாம். இதைத்தான் இன்லைன் அசெம்ப்ளி என்கிறார்கள். இதற்குத் தனியாக ஒரு அசெம்ப்ளி கோப்பு வேண்டியதில்லை. அதை லிங்க் செய்யும் தொல்லையும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு மூவ், ஆட் போன்ற கட்டளைகள் கொஞ்ச நாளில் பழகிவிடும். தடுக்கி விழுவது பெரும்பாலும் மேற்கோள் குறிக்கு வெளியே எழுத வேண்டிய பகுதியில்தான்.

காரணம் இது: நீங்கள் எழுதும் அசெம்ப்ளியை ஜிசிசி கம்பைலர் படித்துப் புரிந்துகொள்வதே இல்லை. % குறி வரும் இடங்களை மட்டும் நிரப்பிவிட்டு, மீதியை அப்படியே அசெம்ப்ளர் (அதை இயந்திர மொழியாக மாற்றும் நிரல்) கையில் கொடுத்துவிடும். எந்த ரெஜிஸ்டரை (புராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) மாற்றினீர்கள், எந்த மெமரியைத் தொட்டீர்கள் என்பதெல்லாம் நீங்களாகச் சொன்னால்தான் அதற்குத் தெரியும். சொன்னதை அப்படியே நம்பும், சரிபார்க்காது. எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்று கம்பைலர் ஒரு கணக்கப்பிள்ளை மாதிரி பேரேடு வைத்திருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் இருப்பில் கை வைத்தால் அதற்கப்புறம் வரும் கணக்கெல்லாம் தப்பு.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 64-பிட் எக்ஸ்86 கணினி, லினக்ஸ், ஜிசிசி. கிளாங் கம்பைலரும் இதே நடையை ஏற்றுக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ வேறு வழி: அதன் இன்லைன் அசெம்ப்ளி 32-பிட் எக்ஸ்86-க்கு மட்டும்தான், 64-பிட்டில் கிடையாது. இன்னொன்று: நிரல் வரிகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கீபோர்டில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். பெரிய எழுத்து என்று குறிப்பாகச் சொல்லாத இடத்திலெல்லாம் சிறிய எழுத்து.

முதலில், இது தேவைதானா?

வேகத்துக்காக என்றால் பெரும்பாலும் தேவையில்லை. இன்றைய கம்பைலர்கள் சாதாரணக் கணக்குகளை நம்மைவிட நன்றாகவே எழுதுகின்றன. நீங்கள் அசெம்ப்ளியைச் செருகிய இடத்தில் அதன் கண்ணைக் கட்டிவிடுகிறீர்கள். ஏழையும் ஐந்தையும் கூட்டும் சி வரியைக் கண்டால் கம்பைலர் அந்த இடத்தில் நேராக 12 என்று போட்டுவிடும். அதே கூட்டலை அசெம்ப்ளியில் எழுதினால் இரண்டு எண்களையும் ரெஜிஸ்டரில் ஏற்றி, ஓடும்போதுதான் கூட்டும்.

அப்புறம், அசெம்ப்ளி எழுதித்தான் ஆக வேண்டும் என்று தோன்றும் பல வேலைகளுக்கு ஜிசிசியிலேயே பில்ட்-இன் ஃபங்ஷன்கள் உண்டு. ஒரு எண்ணில் எத்தனை 1 பிட் இருக்கிறது என்று எண்ணுவது, பைட் வரிசையைத் திருப்புவது, கூட்டும்போது எண் வழிந்ததா என்று பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் போன்ற வெக்டர் கட்டளைகளுக்கு இன்ட்ரின்சிக் என்ற வகை இருக்கிறது. பார்க்க சாதாரண சி ஃபங்ஷன் மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே கட்டளையாக மாறும். கம்பைலருக்கும் அதன் பொருள் தெரியும். இவை போதும் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள்.

உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுதும்போது கன்ட்ரோல் ரெஜிஸ்டர்களைத் தொடுவது, சி நூலகம் இல்லாத நிரலிலிருந்து நேரடியாக சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) செய்வது, ஒரு திரெட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்டாக்கை மாற்றுவது, கிரிப்டோகிராஃபியில் கம்பைலர் தன் இஷ்டத்துக்குக் கிளை போட்டுவிடாமல் தடுப்பது. கம்பைலர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்வதும் ஒரு நல்ல காரணம்தான்.

வடிவம்

முழு வடிவம் இப்படி இருக்கும்:

ஏஎஸ்எம் வாலடைல் ("வார்ப்பு" : வெளியீடுகள் : உள்ளீடுகள் : கெடுபவை);

அடைப்புக்குள் நான்கு பகுதிகள், நடுவில் முக்காற்புள்ளி. வார்ப்பு என்பது அசெம்ப்ளி கட்டளைகள் இருக்கும் சரம். அதில் %0, %1 என்று எழுதும் இடங்களில் பின்னால் நீங்கள் தரும் மாறிகளுக்கான ரெஜிஸ்டர் பெயர்களைக் கம்பைலர் நிரப்பும். எண்ணிக்கை வெளியீட்டிலிருந்து தொடங்கி உள்ளீட்டுக்குத் தொடர்ந்து போகும். கெடுபவை என்பது வெளியீட்டுப் பட்டியலில் இல்லாமலே உங்கள் கட்டளைகள் மாற்றிவிடும் ரெஜிஸ்டர்கள், மெமரி ஆகியவை. ஒரு பகுதியில் போட எதுவும் இல்லையென்றால் காலியாக விட்டு அடுத்த முக்காற்புள்ளியை வைக்கலாம்.

முதல் சொல்லை முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு சேர்த்து எழுதும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். சி11 மாதிரியான கண்டிப்பான தரத்தைக் கேட்டு கம்பைல் செய்யும்போது வெறும் ஏஎஸ்எம் என்பதை ஜிசிசி தனிச்சொல்லாக எடுத்துக்கொள்ளாது. அடிக்கோடு வைத்தது எப்போதும் வேலை செய்யும். இனி வரும் வரிகளில் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அடிக்கோட்டை விட்டிருக்கிறேன்.

முக்காற்புள்ளியே இல்லாமல் வெறும் சரத்தை மட்டும் போடும் இன்னொரு வடிவமும் இருக்கிறது. பழைய பாடங்களில் அதுதான் முதலில் வரும். அதில் உங்கள் மாறிகளோடு பேச வழியே இல்லை, எதைக் கெடுத்தீர்கள் என்று சொல்லவும் இடமில்லை. ஃபங்ஷனுக்கு வெளியே சில வேலைகளுக்கு அது வேண்டும். ஃபங்ஷனுக்குள் அதை மறந்துவிடுங்கள்.

மாறிகளோடு சேர்ந்து வரும் எழுத்துகளுக்குக் கட்டுப்பாடுகள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அடிக்கடி வருபவை சில மட்டும்: 'ஆர்' என்றால் ஏதாவது ஒரு பொது ரெஜிஸ்டர், கம்பைலர் விருப்பம். 'எம்' என்றால் மெமரியில் இருக்கட்டும். 'ஐ' என்றால் கம்பைல் செய்யும்போதே தெரிந்த மாறாத எண். குறிப்பிட்ட ரெஜிஸ்டர்தான் வேண்டும் என்றால் 'ஏ', 'பி', 'சி', 'டி' என்பவை ஆர்ஏஎக்ஸ், ஆர்பிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் குடும்பங்களைக் குறிக்கும். பெரிய எழுத்து எஸ் என்றால் ஆர்எஸ்ஐ, பெரிய எழுத்து டி என்றால் ஆர்டிஐ. சிறிய டிக்கும் பெரிய டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் கம்பைலர் வாய் திறக்காது, இரண்டுமே சரியான எழுத்துகள்தானே.

வெளியீட்டில் இந்த எழுத்துக்கு முன் ஒரு குறி வரும். '=' என்றால் இதில் எழுத மட்டும் செய்கிறேன், பழைய மதிப்பு போகட்டும். '+' என்றால் படிக்கவும் செய்கிறேன், எழுதவும் செய்கிறேன்.

முதல் நிரல்

இன்ட் கூட்டு(இன்ட் அ, இன்ட் ஆ)
{
    ஏஎஸ்எம் ("ஆட்எல் %1, %0" : "+ஆர்" (அ) : "ஆர்" (ஆ) : "சிசி");
    ரிட்டர்ன் அ;
}

லினக்ஸில் ஜிசிசி வழக்கமாக எதிர்பார்ப்பது ஏடி&டி நடை. மூலம் இடப்பக்கம், போய்ச்சேரும் இடம் வலப்பக்கம். ஆகவே மேலே உள்ள வரி %1-ஐ %0-இல் கூட்டுகிறது. இன்டெல் கையேடுகளில் இது தலைகீழாக இருக்கும். அங்கிருந்து எடுத்து எழுதும்போது முதலில் திருப்ப வேண்டியது இந்த வரிசையைத்தான். ஆட் என்பதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எல் எழுத்து 32-பிட் என்று சொல்கிறது. 64-பிட்டுக்கு க்யூ, 16-க்கு டபிள்யூ, 8-க்கு பி. இன்ட் மாறியை வைத்துக்கொண்டு க்யூ போட்டால் அசெம்ப்ளர் ரெஜிஸ்டரின் அளவு பொருந்தவில்லை என்று திட்டும். அந்தத் திட்டு கம்பைலரிடமிருந்து வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். ரெஜிஸ்டர் பெயரை வார்ப்புக்குள் நேரடியாக எழுதுவதானால் ஒரு % போதாது, இரண்டு வைக்க வேண்டும். ஒற்றை % மாறிகளுக்காக ஒதுக்கப்பட்டது. மாறாத எண்ணுக்கு முன்னால் $ குறி.

கடைசியில் இருக்கும் சிசி, கணக்கு முடிந்ததும் மாறும் ஃபிளாக் பிட்களைக் குறிக்கும். எக்ஸ்86-இல் ஜிசிசி ஒவ்வொரு இன்லைன் அசெம்ப்ளியும் ஃபிளாக்குகளைக் கெடுக்கும் என்றே வைத்துக்கொள்கிறது, அதனால் விட்டாலும் இங்கே பிழை வராது. ஆனாலும் எழுதுவது நல்லது. வேறு புராசஸர்களில் அந்தச் சலுகை எல்லாவற்றிலும் இல்லை.

எழுதியாயிற்று. ஓட்டிப் பார்ப்பதற்கு முன் கம்பைலர் என்ன செய்தது என்று பாருங்கள். ஜிசிசிக்கு ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் கொடியையும் (இங்கே ஓ பெரிய எழுத்து) பெரிய எழுத்து எஸ் கொடியையும் கொடுத்தால் புள்ளி எஸ் என்று முடியும் ஒரு அசெம்ப்ளி கோப்பு கிடைக்கும். அதைத் திறந்தால் உங்கள் வரிகளுக்கு முன்னால் ஆப் என்றும் பின்னால் நோ_ஆப் என்றும் இரண்டு குறிப்பு வரிகள் இருக்கும். இடையில் இருப்பது உங்களுடையது. இந்த ஃபங்ஷனுக்குக் கிட்டத்தட்ட இப்படி வரும்: முதல் எண் ஈடிஐ-யில் (ஈ என்று தொடங்குவது அதே ஆர் ரெஜிஸ்டரின் கீழ் 32 பிட்) வந்திருக்கும், அதை ஈஏஎக்ஸ்-க்கு நகர்த்தும் ஒரு வரி, அடுத்து உங்கள் வரி, ஆட்எல் %ஈஎஸ்ஐ, %ஈஏஎக்ஸ் என்று நிரப்பப்பட்டு, அப்புறம் ரெட். இப்படி நிரப்பப்பட்ட வரியைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபடும். எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே பார்க்க மேட் காட்போல்ட் உருவாக்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் தளம் இருக்கிறது. சி வரிக்கும் அசெம்ப்ளி வரிக்கும் ஒரே வண்ணம் தீட்டிக் காட்டும்.

கடிகாரத்தைப் படிப்பது

அடுத்தது கொஞ்சம் சுவாரசியமானது. எக்ஸ்86 புராசஸரில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு 64-பிட் எண்ணி இருக்கிறது. ஆர்டிடிஎஸ்சி என்ற கட்டளை அதைப் படித்து, கீழ்ப் பாதியை ஈஏஎக்ஸ்-இலும் மேல் பாதியை ஈடிஎக்ஸ்-இலும் வைக்கும்.

யுஇன்ட்32_டி கீழ், மேல்;
ஏஎஸ்எம் வாலடைல் ("ஆர்டிடிஎஸ்சி" : "=ஏ" (கீழ்), "=டி" (மேல்));
ரிட்டர்ன் ((யுஇன்ட்64_டி) மேல் << 32) | கீழ்;

மூன்றே வரி, ஆனால் உள்ளே பொறிகள் இருக்கின்றன.

இரண்டாவது வரியில் வாலடைல் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். இந்தக் கட்டளைக்கு உள்ளீடே இல்லை. உள்ளீடு இல்லாத ஒன்று எப்போது செய்தாலும் ஒரே விடையைத்தானே தரும் என்று கம்பைலர் முடிவு கட்டலாம். வேலைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை என்று நீங்கள் கடிகாரத்தைப் படிக்க, அது ஒரே ஒரு தடவை படித்துவிட்டு அதே எண்ணை இரண்டு இடத்திலும் கொடுத்துவிடும். கழித்துப் பார்த்தால் பூச்சியம். உங்கள் நிரல் நேரமே எடுக்காமல் ஓடிவிட்டதாக மகிழ்ச்சியான செய்தி வரும்! வாலடைல் போட்டால் இப்படி ஒன்றாக்கக் கூடாது, தேவையில்லை என்று நீக்கவும் கூடாது என்று பொருள். வெளியீடே இல்லாத அசெம்ப்ளிக்கு ஜிசிசி தானாகவே வாலடைல் என்று எடுத்துக்கொள்ளும். வெளியீடு இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வரியில், மேல் பாதியை 64-பிட்டாக மாற்றிய பிறகுதான் 32 இடம் நகர்த்துகிறோம். மாற்றாமல் 32-பிட் எண்ணை 32 இடம் நகர்த்தினால் என்ன வரும் என்று சி மொழி எந்த உறுதியும் தருவதில்லை.

இன்னொரு பொறி பழைய பக்கங்களிலிருந்து வருவது. 32-பிட் காலத்தில் பெரிய எழுத்து ஏ போட்டால் இரண்டு ரெஜிஸ்டர்களும் சேர்ந்து ஒரே 64-பிட் எண்ணாகக் கிடைக்கும். அந்த வரியை அப்படியே நகலெடுத்து 64-பிட்டில் ஒட்டினால் கம்பைல் ஆகும், ஓடும், விடை தப்பாக இருக்கும். அங்கே அந்த எழுத்து 'ஆர்ஏஎக்ஸ் அல்லது ஆர்டிஎக்ஸ், ஏதோ ஒன்று' என்றாகிவிட்டது. மேல் பாதி காணாமல் போகும்.

வாலடைல் போட்டுவிட்டால் எல்லாம் நீங்கள் எழுதிய வரிசையில்தான் நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாலடைல் போட்ட அசெம்ப்ளிகள் தங்களுக்குள் வரிசை மாறாது. ஆனால் நடுவில் இருக்கும் சாதாரணக் கணக்கைக் கம்பைலர் முன்னாலோ பின்னாலோ நகர்த்தலாம். அளக்க வேண்டிய வேலை இரண்டு அளவீட்டுக்கும் வெளியே போய் உட்கார்ந்துவிடும். இதற்கு ஒரு சின்ன வித்தை உண்டு. வார்ப்பே இல்லாத வெற்று அசெம்ப்ளி ஒன்றை எழுதி, கணக்கின் விடையை '+ஆர்' என்று அதற்குக் கொடுங்கள்:

ஏஎஸ்எம் வாலடைல் ("" : "+ஆர்" (விடை));

ஒரு கட்டளைகூட உருவாகாது. ஆனால் விடையை யாரோ படித்து மாற்றுகிறார்கள் என்று கம்பைலர் நம்பும், அதனால் அந்த இடத்துக்குள் கணக்கை முடித்தே ஆக வேண்டும். உள்ளீட்டு எண்ணுக்கும் இதையே முதல் அளவீட்டுக்குப் பிறகு செய்தால் இரண்டு பக்கமும் வேலி போட்ட மாதிரி. வேகம் அளப்பவர்கள் தினமும் பயன்படுத்துவது இதுதான்.

இது கம்பைலரைக் கட்டுப்படுத்தும், புராசஸரை இல்லை. புராசஸரும் தன் பங்குக்குக் கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும். அதனால்தான் ஆர்டிடிஎஸ்சிக்கு முன்னால் எல்ஃபென்ஸ் என்ற கட்டளையை வைக்கிறார்கள். ஒரே வார்ப்பில் இரண்டு கட்டளைகள் வைக்கும்போது இடையில் வரி முறிவுக்கான பின்சாய்கோடு-என், தாவலுக்கான பின்சாய்கோடு-டி இரண்டையும் எழுதுவது வழக்கம். தாவல் அழகுக்குத்தான், வரி முறிவோ அரைப்புள்ளியோ கட்டாயம். இன்னும் ஒன்று: இப்போதைய புராசஸர்களில் இந்த எண்ணி ஒரே சீரான வேகத்தில் ஓடுகிறது. கோர் வேகம் கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது. எனவே வரும் எண்ணை அப்படியே சைக்கிள் கணக்கு என்று சொல்லிவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு: ஆர்டிடிஎஸ்சிக்கு இன்ட்ரின்சிக் இருக்கிறது. அன்றாட வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கட்டளை கிடைக்காது என்பதால்தான் இவ்வளவு நேரம் இங்கே நின்றோம்.

ஏழும் ஐந்தும் பதினான்கு

கூட்டு ஃபங்ஷனைக் கொஞ்சம் மாற்றுவோம். உள்ளே வரும் இரண்டு எண்களையும் தொடாமல், விடையைத் தனி மாறியில் வைக்க வேண்டும். இரண்டு கட்டளைகள்:

மூவ்எல் %1, %0
ஆட்எல் %2, %0

விடைக்கு '=ஆர்', இரண்டு எண்களுக்கும் 'ஆர்'. பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கே கம்பைலர் ஒன்றை அனுமானிக்கிறது: உள்ளீடுகளை எல்லாம் படித்து முடித்த பிறகுதான் வெளியீட்டில் எழுதுவீர்கள் என்று. அப்படியென்றால் உள்ளீட்டுக்குக் கொடுத்த ரெஜிஸ்டரையே வெளியீட்டுக்கும் கொடுத்தால் என்ன? ஒரு ரெஜிஸ்டர் மிச்சம். %0-க்கும் %2-க்கும் ஒரே ரெஜிஸ்டர் என்று அது முடிவு செய்துவிட்டால் கதை இப்படிப் போகும். அந்த ரெஜிஸ்டரில் 5 இருக்கிறது. முதல் கட்டளை அதில் 7-ஐ எழுதுகிறது, 5 போயிற்று. இரண்டாவது கட்டளை அந்த ரெஜிஸ்டரை அதனோடே கூட்டுகிறது. விடை 14.

தீர்வு ஒரே ஒரு எழுத்து. வெளியீட்டில் '=&ஆர்' என்று எழுதுங்கள். உள்ளீடுகளைப் படித்து முடிக்கும் முன்பே இதில் எழுதிவிடுவேன், ஆகவே யாரோடும் பங்கு போடாதே என்பது அந்தக் குறியின் பொருள்.

இந்தப் பிழையின் கொடுமை, அது எப்போதும் வராது என்பதுதான். ஃபங்ஷனைத் தனியாகச் சோதித்தால் விடை ஈஏஎக்ஸ்-க்கும் எண்கள் ஈடிஐ, ஈஎஸ்ஐ-க்கும் போய் எல்லாம் சரியாக வரலாம். வேறொரு பெரிய ஃபங்ஷனுக்குள் இது இன்லைன் ஆகி (அழைப்பு இல்லாமல் அதன் வரிகளே அங்கே சேர்க்கப்பட்டு), ரெஜிஸ்டர் தட்டுப்பாடு வரும் நாளில் தலை காட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டளை இருக்கிற வார்ப்பு எதுவானாலும், கடைசி உள்ளீட்டைப் படிக்கும் முன் எந்த வெளியீட்டிலாவது எழுதுகிறேனா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரடியாக ஒரு சிஸ்டம் கால்

இப்போது எல்லாம் சேர்ந்து வரும் இடம். பிரின்ட்எஃப் இல்லாமல், நூலகமே இல்லாமல், கெர்னலிடம் நேராகப் பேசித் திரையில் எழுதுவோம். 64-பிட் லினக்ஸில் ஏற்பாடு இது: சிஸ்டம் கால் எண் ஆர்ஏஎக்ஸ்-இல், தகவல்கள் வரிசையாக ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9-இல், விடை ஆர்ஏஎக்ஸ்-இல் திரும்பும். எழுதும் காலின் எண் 1. அதற்கு மூன்று தகவல்கள்: எங்கே எழுதுவது (திரைக்கு 1), எதை எழுதுவது, எத்தனை பைட்.

லாங் விடை;
ஏஎஸ்எம் வாலடைல் ("சிஸ்கால்"
    : "=ஏ" (விடை)
    : "ஏ" (1L), "பெரிய டி" (1L), "பெரிய எஸ்" (எழுத்து), "டி" (நீளம்)
    : "ஆர்சிஎக்ஸ்", "ஆர்11", "மெமரி");

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எல் அது லாங் வகை என்று காட்ட. ஆர்ஏஎக்ஸ் உள்ளீடாகவும் வெளியீடாகவும் இரண்டு பக்கமும் வருவதில் தப்பில்லை: போகும்போது எண், வரும்போது விடை.

கெடுபவை பட்டியலைப் பாருங்கள். ஆர்சிஎக்ஸ் எங்கிருந்து வந்தது? சிஸ்கால் கட்டளை திரும்பி வர வேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸ்-இலும் ஃபிளாக்குகளை ஆர்11-இலும் எழுதி வைத்துக்கொள்ளும். புராசஸரே செய்யும் வேலை இது. உங்கள் வார்ப்பில் அந்தப் பெயர்கள் எங்கும் இல்லை, கம்பைலருக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டால், ஒரு லூப்புக்குள் இதை அழைக்கும்போது லூப்பின் எண்ணியைக் கம்பைலர் ஆர்சிஎக்ஸ்-இல் வைத்திருக்கலாம். முதல் சுற்று முடிந்ததும் எண்ணிக்குப் பதிலாக அங்கே ஒரு நிரல் முகவரி உட்கார்ந்திருக்கும். லூப் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓ0 கொடியோடு கம்பைல் செய்தால் மாறிகள் எல்லாம் ஸ்டாக்கில் இருக்கும், அதனால் பிழை ஒளிந்துகொள்ளும். ஓ2 கொடுத்ததும் வெளியே வரும். 'ஆப்டிமைசேஷன் போட்டால் கம்பைலர் சொதப்புகிறது' என்று புலம்பும் பல இடங்களில் உண்மையில் நடப்பது இதுதான்.

அடுத்து மெமரி என்ற சொல். நீங்கள் கம்பைலரிடம் கொடுத்தது எழுத்துகள் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும். அந்த முகவரியில் இருப்பதை யாராவது படிப்பார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஃபங்ஷனுக்குள் ஒரு சின்ன அர்ரே வைத்து, அதில் எழுத்துகளை ஒவ்வொன்றாக நிரப்பி, முகவரியை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த அர்ரேயை யாருமே படிக்கவில்லையே, எதற்கு நிரப்புவது என்று கம்பைலர் நிரப்பும் வரிகளையே தூக்கிவிட உரிமை இருக்கிறது. திரையில் குப்பை வரும். மெமரி என்று சொல்லிவிட்டால், மெமரியில் போக வேண்டியது எல்லாம் இதற்கு முன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், ரெஜிஸ்டரில் எடுத்து வைத்ததை இதற்குப் பின் மீண்டும் படிக்க வேண்டும் என்று அது புரிந்துகொள்ளும். இதையே மட்டும் தனியாக, வெற்று வார்ப்போடு எழுதினால் அது கம்பைலருக்கான மெமரி வேலி. லினக்ஸ் கெர்னலில் பேரியர் என்ற பெயரில் இருப்பது அதுதான்.

விடையாக எழுதிய பைட்களின் எண்ணிக்கை வரும். தவறு என்றால் -1 முதல் -4095 வரையிலான எண் வரும். அந்தப் பிழை எண்ணை எர்நோ என்ற மாறியில் வைப்பது நூலகம் செய்யும் வேலை, கெர்னல் செய்வதில்லை. திரைக்கான வெளியீட்டை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்: -9 வரும், அதாவது அந்த ஃபைல் டிஸ்கிரிப்டர் (எங்கே எழுதுவது என்று நாம் கொடுத்த எண்) செல்லாது.

நான்காவது தகவல் தேவைப்படும் சிஸ்டம் கால்களில் ஒரு சிக்கல் வரும், ஆர்10-க்கென்று தனிக் கட்டுப்பாட்டு எழுத்து பழைய ஜிசிசிகளில் இல்லை. ரெஜிஸ்டர் என்ற சொல்லோடு ஒரு உள்ளூர் மாறியை அறிவித்து, அதன் பெயருக்குப் பின்னால் ஏஎஸ்எம் ("ஆர்10") என்று ஒட்டி, அந்த மாறியை 'ஆர்' என்று உள்ளீடாகக் கொடுங்கள். அசெம்ப்ளிக்கு முந்தைய வரியிலேயே மதிப்பைப் போட்டுவிடுவது நல்லது. இடையில் வேறு ஃபங்ஷனை அழைத்தால் ஆர்10-இல் இருப்பது அடிபடலாம்.

இன்னும் சில

வார்ப்புக்குள் தாவிக் குதிக்க ஒரு லேபிள் வேண்டுமென்றால் பெயர் வைக்காதீர்கள். உங்கள் ஃபங்ஷன் இரண்டு இடத்தில் இன்லைன் ஆனால் அதே லேபிள் இரண்டு தடவை வந்து அசெம்ப்ளர் கத்தும். எண் லேபிள் வையுங்கள்: 1 என்று வைத்துவிட்டு, ஏற்கெனவே மேலே வந்துவிட்டதற்குத் தாவ 1பி, இனி கீழே வரப்போவதற்குத் தாவ 1எஃப். வார்ப்பிலிருந்து வெளியே இருக்கும் சி லேபிளுக்குத் தாவுவது அப்படியே செய்யக்கூடியது இல்லை, அதற்கு ஏஎஸ்எம் கோட்டூ என்ற தனி வடிவம் இருக்கிறது.

புஷ், பாப் வேண்டாம். 64-பிட் லினக்ஸில் ஸ்டாக் பாயிண்டருக்குக் கீழே 128 பைட் இடம் சிவப்பு மண்டலம் எனப்படுகிறது. வேறு ஃபங்ஷனை அழைக்காத ஃபங்ஷன்கள் தங்கள் மாறிகளை பாயிண்டரை நகர்த்தாமலே அங்கே வைத்துக்கொள்ளும். நீங்கள் வார்ப்புக்குள் ஒரு புஷ் செய்தால் அது நேராக அந்த மாறிகளின் மேல் எழுதும். ஒரு ரெஜிஸ்டர் தற்காலிகமாக வேண்டும் என்றால் புஷ் செய்து காப்பாற்றுவதற்குப் பதில் அதைக் கெடுபவை பட்டியலில் சொல்லிவிடுங்கள், காப்பாற்றுவது கம்பைலர் பொறுப்பு. இன்னும் நல்லது, ஒரு போலி மாறியை '=&ஆர்' என்று வெளியீட்டில் போட்டு எந்த ரெஜிஸ்டர் என்பதையும் அதன் விருப்பத்துக்கே விடுவது.

%0, %1 என்று எண்ணிக்கொண்டிருப்பது நாலைந்து மாறிகள் வந்ததும் குழப்பும். சதுர அடைப்புக்குள் பெயர் கொடுத்து, வார்ப்பில் % குறிக்குப் பின் அதே பெயரைச் சதுர அடைப்போடு எழுதலாம். நடுவில் ஒரு மாறியைச் சேர்த்தாலும் எண்கள் நகர்ந்து எல்லாம் தப்பாகும் தொல்லை இருக்காது.

கட்டுப்பாடு நடக்க முடியாதது என்று ஜிசிசி சொன்னால் பெரும்பாலும் 'ஐ' எழுத்தைப் பாருங்கள். இன்லைன் ஃபங்ஷனுக்கு வரும் எண்ணை 'ஐ' என்று கேட்டிருப்பீர்கள். ஓ2-வில் இன்லைன் ஆகி அது மாறாத எண்ணாகத் தெரியும், கம்பைல் ஆகும். ஓ0-வில் அது வெறும் மாறி, முடியாது என்று சொல்லிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓ0, ஓ2 இரண்டிலும் கம்பைல் செய்து ஓட்டிப் பார்ப்பது இதற்கும் உதவும், மேலே பார்த்த ஆர்சிஎக்ஸ் வகைப் பிழைகளுக்கும் உதவும். எழுதாத மாறியைப் படிப்பதைப் பிடிக்கும் மெமரி சானிடைசர் போன்ற கருவிகள் கம்பைலர் சேர்க்கும் சோதனை வரிகளை நம்பியிருப்பவை. உங்கள் வார்ப்புக்குள் நடப்பது அவற்றுக்கு முழுதாகத் தெரியாது.

கடைசியாக, இந்த வரிகளை நிரல் முழுக்கத் தூவாமல் ஒரே ஹெடர் கோப்பில் சின்னச் சின்ன ஸ்டாடிக் இன்லைன் ஃபங்ஷன்களாக வையுங்கள். எக்ஸ்86-64 என்றால் இது, ஆர்ம் 64 என்றால் அது என்று ப்ரீபிராசஸர் நிபந்தனை போடுங்கள். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்கள், ராஸ்பெர்ரி பை போன்றவற்றில் ஆர்டிடிஎஸ்சி கிடையாது. அங்கே எம்ஆர்எஸ் கட்டளையால் சிஎன்டிவிசிடி_ஈஎல்0 என்ற ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும். வெளியீட்டுக்கு '=ஆர்' போதும், 64 பிட்டும் ஒரே ரெஜிஸ்டரில் வந்துவிடும். இரண்டுமே இல்லாத கணினிக்கு க்ளாக்_கெட்டைம் அழைக்கும் சாதாரண சி வடிவம் ஒன்றையும் மூன்றாவது கிளையாக எழுதி வைத்துவிட்டால், அசெம்ப்ளி வரிகளில் சந்தேகம் வரும்போது விடையை ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுவே கைகொடுக்கும்.